பைப் தண்ணீரைக் குடிக்கலாமா? காத்தான்குடியை முன்வைத்து சில விளக்கங்கள்

காத்தான்குடியில் பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. ஒன்று முற்றத்துக் கிணற்றுத் தண்ணீர். மற்றது தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பைப் தண்ணீர். அண்மைக் காலமாக மூன்றாவதாகக் கடையில் வாங்கும் கேன் தண்ணீரும் சேர்ந்துள்ளது. எதைக் குடிப்பது, எதைச் சமையலுக்கு எடுப்பது, எதைக் குளிக்க விடுவது என்பதை ஒவ்வொரு வீடும் தன் பாட்டில் தீர்மானித்துக் கொள்கிறது.

அந்தத் தீர்மானம் எதை வைத்து எடுக்கப்படுகிறது? கேட்டுப் பார்த்தால் வரும் பதில்கள் இவைதாம்: "பைப் தண்ணில மருந்து மணக்குது", "எங்கட கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி", "கேன் தண்ணிதான் ருசி". அதாவது கண், மூக்கு, நாக்கு ஆகிய மூன்றுமே நமது ஆய்வுகூடங்களாக இருக்கின்றன. ஆனால் தண்ணீரில் இருக்கக்கூடிய மிக ஆபத்தான பொருட்கள் பலவற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ருசியும் இல்லை. மணக்கின்ற தண்ணீரை ஒதுக்கிவிட்டு மணக்காத ஆபத்தைக் குடிக்கும் நிலை இதனால் ஏற்படுகிறது.

பைப் தண்ணீர் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், எந்தக் குழாயில் என்று கேட்க வேண்டும். அதைப் புரிந்துகொள்ளத் தேவையான அடிப்படை விடயங்களைத் தொகுத்துத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். காத்தான்குடியை முன்வைத்துப் பேசினாலும், இதில் சொல்லப்படும் பெரும்பாலானவை கரையோரத்தில் நெருக்கமாக வாழும் எமது ஏனைய ஊர்களுக்கும் பொருந்தும்.

கிணறு ஏன் போதாமல் போனது?

காத்தான்குடி, கிழக்கே வங்காள விரிகுடாவுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்த ஊர். மழை நீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாகத் தங்கி நிற்கிறது. நாம் கிணற்றில் அள்ளுவது இந்தப் படையைத்தான். கை வாளியால் அள்ளிய காலத்தில் அது தாக்குப் பிடித்தது. மோட்டர் பூட்டி அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உப்பு நீர் மேலேறி வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின்னர் கரையோரக் கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று திரும்பத் திரும்ப இறைத்த பல இடங்களில் உவர்த்தன்மை குறையவில்லை. பெரும்பாலும் அடுத்தடுத்த மழைகள்தான் அந்த உப்பைக் கழுவின.

உப்பை நாக்கு கண்டுபிடித்துவிடும். நாக்குக்குத் தெரியாத பிரச்சினை மலசலகூடக் குழியிலிருந்து வருகிறது.

கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி, அதாவது ஏறத்தாழ 15 மீற்றர் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான சுகாதார விதி. இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச் என்பது சுமார் 25 சதுர மீற்றர். 5 பேர்ச் காணி சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 11 மீற்றர் அளவில்தான் வரும். மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மீற்றர் வராது. ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் இருந்தால் மட்டுமே விதி ஓரளவு காப்பாற்றப்படும். அப்போதும் மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழி எங்கே இருக்கிறது என்ற கேள்வி எஞ்சும். தெற்காசியாவின் சன நெரிசல் மிக்க ஊர்களில் ஒன்றாகப் பேசப்படும் காத்தான்குடியில் இந்த விதியைக் கடைப்பிடிக்கக் கூடிய காணிகள் எத்தனை இருக்கும்?

மணல் நிலம் அழுக்கை ஓரளவு வடிகட்டும் என்பது உண்மை. குழி நீரின் கலங்கலும் மணமும் மணலில் நின்றுவிடும். கிருமிகளில் ஒரு பகுதியும் நின்றுவிடும். ஆனால் நைட்ரேட் நிற்காது. மனிதக் கழிவிலுள்ள நைதரசன் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, உப்புப் போல நீரில் கரைந்து, எந்தத் தடையும் இன்றி கிணற்றைச் சென்றடைகிறது. இலங்கைத் தர நிர்ணயப்படி குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. இந்த அளவைத் தாண்டிய நீரும் கண்ணாடி போலவே இருக்கும், ருசியாகவும் இருக்கும். புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டியிலும் இதே மணல் நிலம்தான். அங்கு விவசாயப் பசளை காரணமாக நிலத்தடி நீரில் நைட்ரேட் கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

நைட்ரேட்டினால் அதிக ஆபத்து கைக்குழந்தைகளுக்கே. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் திறன் குறைந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் ஏற்படலாம். பிள்ளைக்கென்று தாய்மார் தண்ணீரைக் கொதிக்க வைப்பது வழக்கம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். "கிணத்துத் தண்ணியக் காச்சித்தானே குடுக்கிறம்" என்ற மன நிம்மதி இங்கு செல்லாது.

ஆகவே குழாய் நீர் எமக்கு ஒரு சொகுசாக வந்ததல்ல. எமது காணியின் அளவும் சனத்தொகையும் கிணற்றை மீறிப் போனதால் வந்தது.

உன்னிச்சையிலிருந்து முற்றம் வரை

காத்தான்குடிக்கு வரும் குழாய் நீரின் மூலம் உன்னிச்சைக் குளம். அங்கிருந்து வரும் நீர் வாவியின் மேற்குக் கரையிலுள்ள வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைக் கடந்து கரையோர ஊர்களுக்கு அனுப்பப்படுகிறது. அம்பாறை மாவட்டத்தின் கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று போன்ற கரையோர ஊர்களுக்கு இதே போல கொண்டவட்டுவான் குளத்து நீர் வருகிறது.

குளத்து நீரைக் குடிநீராக்கும் வேலை பொதுவாக ஐந்து படிகளில் நடக்கும். முதலில் நீரைக் காற்றோடு கலக்க விடுவார்கள். இரண்டாவதாகப் படிகாரம் (அலம்) சேர்ப்பார்கள். நீரில் மிதக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். மூன்றாவதாக அவை அடியில் படிய விடப்படும். நான்காவதாக மணல் வடிகட்டி. கடைசியாகக் குளோரின்.

குளம் என்பது ஆறு போல ஓடும் நீரல்ல. வரட்சி நீடித்து நீர் மட்டம் இறங்கும் மாதங்களில் பாசி பெருகும். மண் மணம் வரும். வடகீழ்ப் பருவ மழை கொட்டும் நவம்பர் முதல் ஜனவரி வரை வெள்ளம் கொண்டு வரும் சேறும் இலைகுழைகளும் சேரும். சுத்திகரிப்பு நிலையம் ஆண்டு முழுவதும் ஒரே தண்ணீரைக் கையாள்வதில்லை. ஆகவே ஒரு மாதத்தில் எடுத்த நல்ல அறிக்கை மறு மாதத்துக்குச் சாட்சியாகாது.

ஒவ்வொரு ஊருக்கும் தனது நீர் மூலத்தின் குணம் இருக்கிறது. களுத்துறை மாவட்டத்தில் வரட்சிக் காலத்தில் களு கங்கையின் ஓட்டம் குறையும்போது கடல் நீர் ஆற்றுக்குள் ஏறிவிடும். அதனால் பேருவளை போன்ற பகுதிகளில் குழாய் நீர் உவர்த்த அனுபவம் அங்குள்ளவர்களுக்கு உண்டு. தமது தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அந்த மூலத்துக்கு எந்தக் காலத்தில் என்ன நேரும் என்பதை அறிவது ஒவ்வொரு ஊர் மக்களுக்கும் முதல் பாடம்.

பாதுகாப்பான நீர் என்பது எண்களால் சொல்லப்படுவது

இலங்கையில் குடிநீருக்கான தரம் எஸ்.எல்.எஸ். 614 ஆகும். இதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள சில முக்கிய எல்லைகளை அறிந்து வைத்திருப்பது பயனுள்ளது.

ஈ கோலை என்னும் மலக் கிருமி: 100 மில்லிலீற்றர் நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.
பி.எச். அளவு: 6.5 முதல் 8.5 வரை.
கலங்கல்: 2 அலகுகளுக்கு (என்.ரி.யு.) மேற்படக் கூடாது.
நைட்ரேட்: லீற்றருக்கு 50 மில்லிகிராம்.
புளோரைட்டு: லீற்றருக்கு 1 மில்லிகிராம்.
இரும்பு: லீற்றருக்கு 0.3 மில்லிகிராம்.
குளோரைட்டு (உப்புத்தன்மை): லீற்றருக்கு 250 மில்லிகிராம்.
மொத்தக் கரைந்த திண்மங்கள்: லீற்றருக்கு 500 மில்லிகிராம்.

இந்தப் பட்டியலில் முதலாவதே பிரதானம். ஈ கோலை காணப்பட்டால் அந்த நீரில் எங்கோ மலம் கலந்திருக்கிறது என்று பொருள். வயிற்றோட்டம், வயிற்றுளைவு, நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் வரும் வழி அதுவே. இரும்பும் நிறமும் எம்மை எரிச்சலூட்டும், உடையைக் கறையாக்கும். ஆனால் ஒரு கிழமையில் ஒரு வீதியையே படுக்கையில் போடக் கூடியது மலக் கிருமிதான்.

கடைகளில் ரி.டி.எஸ். மீற்றர் என்ற சிறு கருவி விற்கப்படுகிறது. கேன் தண்ணீர் விற்பவர்கள் சிலர் அதைக் காட்டியே வியாபாரம் செய்கிறார்கள். பைப் தண்ணீரில் விட்டால் எண் கூடுதலாகவும், தமது தண்ணீரில் விட்டால் குறைவாகவும் காட்டும். அது அளப்பது கரைந்த உப்புக்களை மட்டுமே. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. எண் குறைந்தால் சுத்தம் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

குளோரின் மணம் எதிரியா?

பைப் தண்ணீரை எம்மவர் வெறுப்பதற்கு முதற் காரணம் குளோரின் மணம். ஆனால் அந்த மணம் தான் காவலாளி இன்னும் வாசலில் நிற்கிறான் என்பதற்கு அடையாளம். சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது. பல கிலோமீற்றர் குழாயில் ஓடி, நீர்த் தாங்கியில் தங்கி, உங்கள் வீட்டை அடையும் வரை புதிதாகக் கிருமி சேர்ந்தால் அதையும் கொல்லச் சிறிதளவு குளோரின் மிச்சமிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி பாவனையாளரின் குழாயில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும். அதே நிறுவனம் ஆரோக்கியத்துக்கான உச்ச எல்லையாக 5 மில்லிகிராமைக் குறிப்பிடுகிறது. மூக்குக்கு மணப்பது இதைவிட மிகக் குறைந்த அளவிலேயே தொடங்கிவிடும்.

கவலைப்பட வேண்டியது மணக்கும் நாளில் அல்ல. வழக்கமாக மணக்கும் பைப் தண்ணீர் ஒரு நாள் மணமே இல்லாமல் வந்தால், அதுவும் கலங்கலாக வந்தால், அன்றுதான் எச்சரிக்கை தேவை.

குளோரின், குளத்து நீரிலுள்ள இலை, பாசி போன்ற சேதனப் பொருட்களோடு சேர்ந்து வேறு சில இரசாயனங்களை உண்டாக்குகிறது என்ற பேச்சும் உண்டு. அது பொய்யல்ல. திரைஹலோமீதேன்கள் எனப்படும் அவற்றுக்கும் எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் குறைக்கும் வழி குளோரின் சேர்ப்பதற்கு முன்பே நீரை நன்கு தெளிய வைப்பதாகும். இதற்காகக் கிருமி நீக்கத்தைக் கைவிடக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் தெளிவான நிலைப்பாடு. நீண்டகாலத்தில் சிறிதளவு கூடக்கூடிய ஓர் ஆபத்துக்கு அஞ்சி, நாளையே வரக்கூடிய வயிற்றோட்டத்தை வரவேற்பது அறிவுடைமையல்ல.

மணம் பிடிக்காவிட்டால் வழி எளிது. குடிப்பதற்கான நீரைச் சுத்தமான பாத்திரத்தில் மெல்லிய துணியால் மூடிச் சில மணித்தியாலம் வைத்தால் மணம் பெரும்பாலும் போய்விடும். அதன்பின் அந்த நீருக்குக் காவல் இல்லை. அன்றைக்கே பாவித்து முடிக்க வேண்டும்.

மீற்றருக்கு இப்பால்

நீர்வழங்கல் சபையின் பொறுப்பு பொதுவாக உங்கள் மீற்றருடன் முடிகிறது. அதற்கு இப்பால் உள்ள குழாயும் மொட்டைமாடித் தாங்கியும் எமது பொறுப்பு. நல்ல தண்ணீர் கெட்டுப்போகும் இடம் பல வீடுகளில் இதுதான். நான்கு தவறுகளைக் குறிப்பிடலாம்.

முதலாவது, கழுவாத தாங்கி. மொட்டைமாடியில் வெயிலில் நிற்கும் தாங்கியில் நீர் சூடாகிக் குளோரின் பறந்துவிடும். மூடி சரியாக இல்லாவிட்டால் பல்லி, காகத்தின் எச்சம், நுளம்புக் குடம்பி எல்லாம் உள்ளே சேரும். அடியில் சேறு படியும். தாங்கி வைத்த நாளிலிருந்து ஒருமுறையும் திறந்து பார்க்காத வீடுகள் எத்தனை என்று எமக்கே தெரியும்.

இரண்டாவது, கிணற்று மோட்டரையும் பைப் தண்ணீரையும் ஒரே குழாயில் இணைப்பது. தண்ணீர் வராத நேரத்தில் கிணற்றிலிருந்து ஏற்ற வசதியாக ஒரு வால்வை மட்டும் வைத்து இரண்டையும் பொருத்தி விடுகிறார்கள். வால்வு கசிந்தாலோ, மூட மறந்தாலோ கிணற்று நீர் பின்னோக்கி வீதிக் குழாய்க்குள் போகலாம். உங்கள் கிணற்றின் நோய் முழு வீதிக்கும் போகிறது. இரண்டு நீருக்கும் தனித்தனிக் குழாயும் தனித்தனித் தாங்கியும் இருப்பதே சரி.

மூன்றாவது, வீதிக் குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி உறிஞ்சுவது. அமுக்கம் குறைந்த நேரத்தில் ஒருவர் உறிஞ்சினால் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். எங்காவது வெடிப்பு இருந்தால் சுற்றியுள்ள மண்ணிலுள்ள கழிவு நீரை அது உள்ளே இழுக்கும். அயலவரின் தண்ணீரைக் குறைப்பதோடு அதை அசுத்தமாக்கும் பாவமும் சேர்கிறது. நீர் வெட்டு நேரங்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஆகவே வெட்டுக்குப் பின் முதலில் வரும் நீரைச் சில நிமிடம் திறந்துவிட்டு, தெளிந்த பின்னரே குடிக்க எடுக்க வேண்டும்.

நான்காவது, வடிகானுக்குள்ளால் செல்லும் இணைப்புக் குழாய். செலவைக் குறைக்க வடிகானின் குறுக்கே போட்ட குழாயில் ஒரு சிறு வெடிப்பு போதும்.

தாங்கியைச் சுத்தம் செய்யும் முறை இது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது நீரை முழுதாக இறக்கி, சுவரையும் அடியையும் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும். 1000 லீற்றர் தாங்கிக்கு, மணமூட்டாத 5 சதவீதத் திரவப் பிளீச் 1 லீற்றர், அல்லது ரி.சி.எல். எனப்படும் வெளிற்றும் தூள் சுமார் 150 கிராம் போதும். தூளை முதலில் ஒரு வாளி நீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றவும். வீட்டுக் குழாய்களைச் சற்றுத் திறந்து குளோரின் மணம் வந்ததும் மூடிவிட்டு, முடிந்தால் 24 மணித்தியாலம் வைத்திருக்கவும். பின்னர் முழுவதையும் வெளியேற்றி, நல்ல நீரால் அலசி நிரப்பவும். இடைப்பட்ட நேரத்தில் அந்த நீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. பிளீச்சுடன் மலசலகூடம் கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்கக் கூடாது; நச்சு வாயு உண்டாகும். பெரிய தாங்கிக்குள் ஒருவர் தனியாக இறங்குவதும் ஆபத்து.

நீர் சொல்லும் அடையாளங்கள்

வெள்ளையாகப் பால் போல வந்து, கிளாஸில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி. தீங்கில்லை.

மஞ்சள் அல்லது கபில நிறம் பெரும்பாலும் இரும்பு, அல்லது குழாயில் படிந்த சேறு கிளம்பியது. சில நிமிடம் விட்டும் தெளியாவிட்டால் முறையிட வேண்டும்.

கறுப்புத் துகள்கள் மங்கனீசாக இருக்கலாம். பழைய வாஷரின் இறப்பர் துண்டாகவும் இருக்கலாம்.

பச்சை நிறமும் வழுவழுப்பும் உங்கள் தாங்கியில் வெளிச்சம் பட்டுப் பாசி பிடித்திருப்பதைக் காட்டும்.

அழுகிய முட்டை மணம், அல்லது கான் மணம் வந்தால் குடிக்க வேண்டாம். வீதிக் குழாயிலிருந்தே அப்படி வந்தால் அது அவசர முறைப்பாட்டுக்குரியது. நீர்வழங்கல் சபையின் முறைப்பாட்டு இலக்கம் 1939.

கேன், பில்டர், கொதிநீர்

கேன் தண்ணீரை நம்புபவர்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. போத்தலில் அடைத்த குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 894. அந்த முத்திரையும் சுகாதார அமைச்சின் பதிவும் உள்ளதா என்று பாருங்கள். அத்தோடு, திரும்பத் திரும்ப நிரப்பப்படும் கேன் எப்படிக் கழுவப்படுகிறது என்று கேளுங்கள். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து சுத்தமாக வெளிவரும் நீரில் குளோரின் காவல் இல்லை. அழுக்குக் கேனில் ஊற்றி, வெயிலில் வைத்து, நாலைந்து நாள் குடித்தால் அதன் சுத்தம் எங்கே போகும்?

வீட்டுப் பில்டர்களில் கரிப் பில்டர் மணத்தையும் ருசியையும் திருத்தும், நைட்ரேட்டை நீக்காது. காலத்துக்கு மாற்றாவிட்டால் அதுவே கிருமிகளின் இருப்பிடமாகும். ஆர்.ஓ. நைட்ரேட்டையும் உப்பையும் குறைக்கும், ஆனால் செலவு கூடியது. ஏராளமான நீரை வீணாக்கும்.

குழாய் நீரில் கிருமிச் சந்தேகம் இருந்தால் மிக எளிய வழி கொதிக்க வைப்பது. நன்கு கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். குழாய் நீரைக் கொதிக்க வைத்தல் பயன் தரும். நைட்ரேட் கூடிய கிணற்று நீரைக் கொதிக்க வைத்தல் குழந்தையைக் காக்காது. இந்த ஒரு வித்தியாசத்தையாவது ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும்.

பள்ளிவாசல்களின் பங்கு

நாளொன்றுக்கு ஐந்து வேளை, பல நூறு பேர் வாய் கொப்பளித்து மூக்குக்கு நீர் செலுத்தும் இடம் பள்ளிவாசல். ஆனால் ஹவ்ளின் நீரோ, பள்ளிவாசல் தாங்கியின் நீரோ எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று கேட்டால் பல இடங்களில் பதில் இராது.

பாகிஸ்தானின் கராச்சியில் மூளையைத் தாக்கும் நெக்லேரியா என்ற அமீபாவினால் பல மரணங்கள் நிகழ்ந்துள்ளன. அவர்களில் பலர் நீந்தியவர்கள் அல்லர். குளோரின் போதாத குழாய் நீரை வுழூவின்போது மூக்கினுள் செலுத்தியதே காரணமாக இருக்கலாம் என்று அங்கு கருதப்பட்டது. இது உலகிலேயே மிக அரிதான நோய். அந்த நீரைக் குடிப்பதால் அது வருவதில்லை. இதைச் சொல்வது பீதி கிளப்ப அல்ல. வெப்ப நாட்டில் தேங்கிச் சூடேறும் நீரில் குளோரின் இல்லாமல் விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதற்காகவே.

எமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக் கூடியவை பெரிய செலவுடையவை அல்ல. ஹவ்ளையும் தாங்கியையும் குறித்த தினத்தில் கழுவி, அந்தத் திகதியை அறிவித்தல் பலகையில் எழுதலாம். குளோரின் அளவைப் பார்க்கும் மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கலாம். நீரில் மாத்திரையைப் போட்டால் எழும் இளஞ்சிவப்பு நிறத்தின் கடுமையை வைத்து அளவைச் சொல்லிவிடலாம். கிழமைக்கு ஒரு தடவை ஒரு இளைஞர் இதைச் செய்து எழுதி வைத்தால், ஒவ்வொரு மஹல்லாவுக்கும் ஒரு நீர்ப் பதிவேடு கிடைக்கும். எந்தப் பகுதியில் குளோரின் வந்து சேர்வதில்லை என்று ஊரே அறிந்துகொள்ளும்.

வதந்தி வேண்டாம், அறிக்கை வேண்டும்

இந்த நாட்டில் தண்ணீர் பற்றிய சந்தேகம் எங்கு கொண்டு போய் விட்டது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். கம்பஹா மாவட்டத்தின் ரதுபஸ்வலவில் கிணற்று நீரில் அமிலத்தன்மை கூடியது என்றும், அருகிலிருந்த கையுறைத் தொழிற்சாலையே காரணம் என்றும் மக்கள் குற்றஞ்சாட்டினார்கள். 2013 ஆகஸ்ட் 1 அன்று வெலிவேரியவில் அவர்கள் வீதிக்கு இறங்கியபோது இராணுவம் சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். கேட்டது சுத்தமான தண்ணீர்.

யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விவகாரம் மற்றையது. அங்கு ஆய்வு அறிக்கைகளும் ஆவணங்களும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்ட மக்களுக்கு மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கோபத்தை விட, கையிலுள்ள பரிசோதனை அறிக்கைக்கு அதிக பலம் உண்டு என்பதை அத்தீர்ப்பு காட்டியது.

ஆகவே "தண்ணி சரியில்லயாம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை அனுப்புவதோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த படிகள் மூன்று.

ஒன்று, 1939க்கு அறிவித்து முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். திகதி, நேரம், வீதி, நீரின் தன்மை ஆகியவற்றையும் எழுதி வையுங்கள். ஒரே வீதியிலிருந்து வரும் பத்து முறைப்பாடு, குழாய் எங்கே உடைந்துள்ளது என்பதைக் கண்டுபிடிக்க உதவும்.

இரண்டு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதார பரிசோதகரைச் சந்தித்து நீர் மாதிரி எடுக்கக் கோருங்கள். கிருமிப் பரிசோதனைக்கான மாதிரியைக் கிருமி நீக்கிய விசேட போத்தலில் எடுத்து, ஐஸில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டிலுள்ள சோடாப் போத்தலில் பிடித்துக் கொண்டு போகும் நீரின் அறிக்கைக்கு மதிப்பில்லை. முடிந்தால் ஒரே நேரத்தில் மீற்றருக்கு அருகிலுள்ள குழாயிலும், தாங்கியிலிருந்து வரும் குழாயிலும் என இரண்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். பிழை சபையிடமா எம்மிடமா என்பது அப்போதே வெளிச்சமாகிவிடும்.

மூன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். எமது பகுதியில் கடந்த ஆண்டு எத்தனை மாதிரிகள் எடுக்கப்பட்டன, எந்த இடங்களில், எத்தனை தரத்தில் தவறின என்று எந்தப் பிரசையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதிலளிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. பள்ளிவாசல் சம்மேளனமோ, பாடசாலை அபிவிருத்திக் குழுவோ, ஒரு தனிநபரோ ஒரு கடிதத்தில் இதைச் செய்யலாம்.

சபையிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கையும் நியாயமானது, எளிமையானது. சுத்திகரிப்பு நிலையத்து வாசலில் எடுத்த அறிக்கை மட்டும் போதாது. ஊரின் கடைக்கோடிக் குழாயில் எடுத்த அறிக்கை வேண்டும். அதை மாதந்தோறும் தமிழில், நகர சபையிலும் வைத்தியசாலையிலும் பாடசாலைகளிலும் மக்கள் பார்க்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். மாதக் கட்டணப் பற்றுச்சீட்டில் எத்தனை அலகு பாவித்தோம் என்பது வருகிறது. அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதும் வரலாம்தானே.

அதைக் கேட்கும் தகுதி எமக்கு வர வேண்டுமானால் எமது பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். இன்று அஸருக்குப் பிறகு ஒரு ஏணியை வைத்து மொட்டைமாடியில் ஏறி, தாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். அங்கே காண்பதைத்தான் இவ்வளவு நாளும் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்திருக்கிறோம்.